சாராளுடைய வீக்லி ஆஃப்

வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் சாராள் உள்ளே போவாள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் அது. கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்தான் அதற்குக் காவல். "நம்ம கம்பெனி செக்யூரிட்டிக்கு இவங்க எவ்ளோ மேலு. பையத் தொற, டிபன் பாக்ஸத் தொறன்னு பேஜாரு பண்றதில்ல" என்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் அவளுக்கு வேலை. வார விடுமுறையன்று துவைக்க வேண்டிய துணி வாளியில் கிடக்கும். சாராள் பஸ்ஸில் இருப்பாள். ஊரே போகிற இடம் அவளுக்கு ஆகாது. பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்கென்றே ஒரு தடவை போனாள். நிழலையும் செல்போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நெயலு பொய் சொல்லாது. நம்ம அட்டெண்டன்ஸ் பஞ்ச் மிஷின்தான் உள்ள போறப்போ முந்திகினு ஓடுது, வெளிய வர்றப்போ படுத்துக்குது."

கணவன் ஜெரால்ட் தலையில் அடித்துக்கொள்வான். "அவனவன் பொண்டாட்டி ஊட்டிக்குப் போறா. நீ இன்னாடான்னா பொணத்தப் பாக்க பஸ் ஏறிப் போற."

"ஊட்டிக்கு இட்டுகினு போயேன், யாரு வாணான்னது?"

ஜெரால்ட் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

போகிற இடத்திலெல்லாம் ஒரு செல்ஃபி உண்டு. வலது கை மட்டும் துப்பட்டாவுக்குள் இருக்கும். அதன் நடு விரல்கள் இரண்டையும் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்டது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டது நிர்வாகம். கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று கழற்றி வைத்தவர்களின் கவனம் எங்கே போயிருந்தது என்று யாரும் எழுதவில்லை. அவளுக்குத் தரும் கையுறையில் இரண்டு விரல்கள் காலியாக ஆடும். முடிச்சுப் போட்டுக்கொள்வாள்.

அவளோடு வேலை செய்யும் பெண்கள் ஆண்டுக்கொரு முறை வேன் பிடிப்பார்கள். சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ, அவர் சொல்லும் இடம். யார் பெயர் வந்தாலும் வேன் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில்தான் போய் நிற்கும். இந்த ஆண்டு சாராள் பெயர் வந்தது. "குடியம் குகை" என்றாள். பூண்டி ஏரிக்கு அப்பால், முள்காட்டுக்குள் இருக்கிறது; கற்கால மனிதர்கள் தங்கிய இடம்.

எல்லோருக்கும் மூத்தவளான பூவம்மாள் கொதித்துவிட்டாள். "கல்லப் பாக்கவா வேனு? நல்லா இல்லன்னு வெச்சிக்கோ, இனிமே உன் பேர சீட்டுலயே போட மாட்டேன்."

சாராளுக்கு அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. இதுவரை ஒண்டியாகவே பார்த்து வந்தவளுக்கு, நாலு பேரோடு சேர்ந்து பார்க்க முதல் தடவையாக வாய்த்திருக்கிறது. அது கெட்டுவிட்டால் மறுபடி எலும்புக்கூடுதான் துணை.

"யாரும் செண்ட் அடிக்காதீங்க. கொகையில தேன்கூடு கீது" என்று வேன் ஏறும்போதே கட்டளை போட்டாள். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவளை முறைத்தபடி பூவை வேனிலேயே விட்டார்கள்.

வெயிலில் நடந்து குகையைச் சேர்ந்ததும் பூவம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "சாமி எங்கடி?"

"அப்போ உங்க பவானியும் இல்ல, எங்க ஏசுவும் இல்லக்கா. இங்க இருந்தவங்க சாமிக்கு முன்னாடி கோடாலியக் கண்டுபுடிச்சாங்க. கல்லு கோடாலி."

"டார்கெட்டு குடுக்க சூப்பர்வைசர் இல்லாம செஞ்சிகீறாங்க. குடுத்து வெச்சவங்க" என்றாள் பூவம்மாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் தேனீக்கள் கிளம்பிவிடுமோ என்று சாராள் அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பூவம்மாள் காலில் ஒரு கல் இடறியது. பழுப்பு நிறம், இலை வடிவம், ஓரமெல்லாம் செதுக்கல். "இதாடி உன் கோடாலி?" பிடித்துப் பார்த்தாள், வாகாக நிற்கவில்லை. சாராளின் வலது கையை இழுத்து அதில் வைத்தாள். விரல்கள் இல்லாத இடத்தில் கல்லின் புடைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தக் கையுறையும் அப்படிப் பொருந்தியதில்லை.

பூவம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, "பைல போட்டுகினு போயேன்டி" என்றாள்.

"எடுக்கக் கூடாதுக்கா. இது இங்கியே கெடக்கணும்."

"சர்த்தான். அடுத்த வருஷமும் உன் பேரு சீட்டுல இருக்கும். ஆனா கொஞ்சம் நெயல் இருக்கற எடமா பாரு."

சாராள் செல்போனை அவளிடம் நீட்டினாள். துப்பட்டாவை எடுத்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள்.

"மூஞ்சி வாணாம்க்கா. கைய மட்டும் எடு" என்று கல்லோடு வலது கையை உயர்த்தினாள்.