நாலு விரல் மேலே

மாதவிலக்கு வந்தால் எனக்கு வயிற்றுவலி உயிர் போகும். ரங்கூனில் நாங்கள் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் ஒரு வழி காட்டினாள். உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே அழுத்திப் பிடித்தால் வலி தணியும். அகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, கொல்லையில் ஒதுங்கியிருந்த ஒருநாள், அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோய் மாமியாரைக் கெஞ்சினேன்.

“தூரமானவளத் தொட்டா தீட்டு. மகாராணிக்கு நான் காலப் பிடிக்கணுமாக்கும்!” என்றார்.

பிறகொரு மாதம் நாத்தனார் அதே வலியில் துடித்தாள். “செத்த அமுக்கி விடு தாயி” என்று மாமியார் என்னிடம் ஓடி வந்தார்.

“தொட்டா தீட்டாச்சே அத்தை! எடத்தச் சொல்றேன், நீங்களே அமுக்குங்க” என்று எட்டியே நின்றேன். மகள் காலை மடியில் வைத்து அழுத்தினார். வலி அடங்கியது.

இப்போதெல்லாம் நான் என் கையை நோகடித்துக்கொள்வதில்லை. மாமியார் மடியில் காலை நீட்டிவிடுகிறேன். “மகளத் தொட்ட கைதானே அத்தை, நல்லா அமுக்குங்க!”