மங்களம் பாடாத படம்

செல்லையா செத்துப்போனதை, தாராவியில் என் கடைக்குச் சோப்பு போட வந்த ஏஜென்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "திலக் நகர்ல படம் எடுத்தாருல்லா, அவரு போயிட்டாரு அண்ணாச்சி. முந்தாநேத்தே எரிச்சாச்சு."

எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மாட்டுங்கா சபைக்காரர்களாகிய நீங்கள் இரங்கல் கூட்டமே முடித்துவிட்டீர்கள். கலைச்செல்வன் என்று புகழ்ந்தீர்களாம். உங்கள் சபையில் அவன் படத்தைத் திரையிட்ட அன்று நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

செல்லையா என்னைவிட இளையவன், ஒருமையில்தான் எழுதுவேன். ஃபிலிம் லேபில் வேலை. சீனப் போர் முடிந்த சமயம், மற்றவர்கள் படமெடுத்து மிஞ்சிய துண்டு ஃபிலிம்களை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படம் எடுத்தான். வேலை கிடைத்த இளைஞன் முதல் நாளே பாதி வழியில் ரயிலைவிட்டு இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறான். ஒரு நாயைத் தடவிக்கொடுக்கிறான். பிறகு காரணமே இல்லாமல் உதைக்கிறான். வீட்டுக்கும் போவதில்லை. அப்படியே படம் முடிகிறது.

திரையிடும் முன்பே சபைச் செயலாளர் கேட்டார்: "பிள்ளையாண்டான் கடைசியில ஆத்துக்கு வர்ற மாதிரி ஒரு சீன் வெச்சுடேன். பெண்டுகள்லாம் வருவா."

"வீட்டுக்குப் போற பயலா இருந்தா நான் ஏன் சார் படம் எடுக்கப் போறேன்?"

சபையில் எது நடந்தாலும் மங்களம் பாடித்தான் முடிப்பார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் செயலாளர் பாடகிக்குச் சைகை காட்டினார். செல்லையா திரைக்கு முன்னால் வந்து கைகூப்பினான்.

"வேண்டாம்மா. அந்தப் பய இன்னும் பெஞ்சுலதான் இருக்கான். நாம மட்டும் மங்களம் பாடிட்டுப் போயிருவமா?"

"அபசகுனம்" என்றார் ஒருவர். நாற்காலிகள் நகர்ந்தன. முடிவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் அவனுக்கு எந்த அரங்கமும் கிடைக்கவில்லை. இன்னொரு படமும் எடுக்கவில்லை.

அன்றிரவு இருவரும் தாராவிக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "படத்துல வர்ற அந்தப் பயலுக்கு என்னதாம்லே குறை?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எதுலயும் ஒண்ணும் இல்லன்னு தோணுது. அம்புட்டுதான்."

அவன் தன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மற்றதெல்லாம் நானாகப் படித்தது. படித்ததையெல்லாம் கொண்டுவந்து வாரக்கணக்கில் அவனோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்: "பதில் கேக்கல அண்ணாச்சி. சும்மா பக்கத்துல இருங்க, போதும்."

அன்றிலிருந்து பல சாயங்காலங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் படம் எனக்கு இன்றும் பிடிக்காது. அதை மாற்றச் சொன்னவர்களையும் நான் மன்னிக்கவில்லை. ஒருவன் எதிலும் ஒன்றுமில்லை என்று சொன்னால், உண்டு என்று வாதாடாமல் பக்கத்தில் இருக்கும் பொறுமை மட்டும் அவன் கொடுத்ததாக என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் இப்போது ஆளில்லை.