மதினிக்கு நாடகம் கேட்க ஒரு பெட்டி

என் வீட்டுக்காரரின் அக்காளுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. எனக்கு அவர் மதினி. அவருக்கும் புருஷன் இல்லை, எனக்கும் இல்லை. மலையடிவாரத்தில், உச்சியில் இருக்கிற மெட்டுக்கு ஏறும் ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். ஒத்துப்போய் இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தி வைத்த குழம்பை இன்னொருத்தி குறை சொல்லியே காலம் போனது. ஆனாலும் பிரியாமல் இருந்தோம்.

காலையில் நான் போடிக்கு பஸ் ஏறிவிடுவேன். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிற சோலி. கருத்தது, வெடித்தது, சொத்தை என்று கையாலேயே ஒதுக்க வேண்டும். வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை மதினி தனியாகக் கிடக்க வேண்டும். கண் இருந்தவரை அவர் யாருக்கும் பயந்தவர் இல்லை. எஸ்டேட்டில் கங்காணியையே எதிர்த்துப் பேசியவர். கண் போன பிறகு வீட்டில் சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டியது. வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பார். கதவைத் திறந்துபோட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்பார். அப்புறம் கத்த ஆரம்பிப்பார். நான் போட்டு வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே காய்ந்து கிடக்கும்.

அவரை அடக்கியது ஒன்றே ஒன்றுதான், பழைய ரேடியோ நாடகம். நாங்கள் எஸ்டேட்டில் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் மலைமேல் ரேடியோ நன்றாக எடுக்கும். கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பேசுவதுகூடப் பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்கும். வாரம் ஒருநாள் வரும் தொடர் நாடகத்துக்காக மதினி அடுப்பைக்கூட அணைத்துவிட்டு வந்து உட்காருவார். அவருடைய மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். அவன் அந்த மாதிரி நாடகங்களை எங்கெங்கோ தேடி எடுத்து ஒரு போனில் போட்டுக் கொடுத்தான். அது ஓடுகிற நேரம் மதினி சாப்பிட்டார், மாத்திரை போட்டார், காலை நீட்டிப் படுத்தார்.

ஆனால் போன் என்பது வழவழவென்று ஒரு கண்ணாடி. கண் தெரியாதவர் அதில் எந்த இடத்தைத் தொடுவார்? யாராவது கூப்பிட்டால் நாடகம் நின்றுவிடும். நின்றால் நின்றதுதான், நான் போய்ச் சேரும்வரை கத்தல்தான். பக்கத்து வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு மகனிடமே சொல்லிவிட்டார்கள். தேனிப் பக்கம் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் கேட்டு வைத்திருப்பதாக அவன் என்னிடம் சொன்னான். "இந்த மாசம் பாப்போம் அத்தை. சத்தம் நிக்கலேன்னா நான் வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றான். நாடகங்களை நகம் அளவு கார்டு ஒன்றில் ஏற்றி, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அதைப் போட்டுக் கேட்க ஒரு சின்னப் பெட்டி மட்டும் நான் பார்த்து வாங்க வேண்டும்.

போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் ரிப்பேர் பார்க்கிற பாய் கடை ஒன்று இருக்கிறது. சோலி முடிந்து அங்கே போனேன். யாருக்கு என்று பாய் விசாரித்தார். கண் தெரியாத ஆளுக்கு என்றேன். செங்கல் மாதிரி கனமான கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். முன்னால் தடித்த திருகு ஒன்றும், அதற்குக் கீழே இரண்டு பித்தானும் இருந்தன. "கண்ணு தெரியாதவுக, படிக்காதவுக எல்லாம் இதத்தான் வாங்குறாக ஆத்தா. மலைக்கு மருந்தடிக்கப் போறவுக இடுப்புல கட்டிட்டுப் போவாக" என்றார்.

கடையில் எங்கள் ஸ்டோர் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு பஸ் போர்டு வாசித்துச் சொல்வது நான்தான். மூட்டையில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிச் சொல்வதும் நான்தான். மூன்றாம் வகுப்பு வரை போனவள் என்று அங்கே எனக்கு ஒரு மதிப்பு உண்டு. அவர்கள் பார்க்க, படிக்காதவர்களின் பெட்டியைக் கையில் வாங்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி மெல்லிசாக, கலர்த் திரை வைத்து ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். பாய் தயங்கினார். இதில் எல்லாம் இங்கிலீஷில் வரும், எழுத்தும் பொடிசாக இருக்கும் என்றார்.

"ஏன், எனக்கு வாசிக்க வராதா?" என்றேன்.

பாய் அதையே எடுத்து மேஜைமேல் வைத்தார். எதை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். நான் அதை மனசுக்குள் எண்ணி வைத்துக்கொண்டேன். இங்கிலீஷில் எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. காலையில் நான் போட்டுவிட்டுப் போவேன், வரும்போது மதினி அமைதியாக இருப்பார். மூன்றாம் நாள் நாடகம் பாதியில் நின்றிருக்கிறது. அவர் தடவித் தடவி எதையோ அமுக்க, முதல் பாகத்திலிருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறது. மறுபடி நிற்க, மறுபடி முதலிலிருந்து. நான் வந்ததும், "இந்தப் பொம்பளைக்கு இன்னைக்கு மட்டும் அஞ்சு தடவ கல்யாணம் ஆயிருச்சு. பெறகு அவ வாழ்ந்தாளா செத்தாளான்னு எனக்கு எப்பத் தெரியுறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

சரி செய்கிறேன் என்று நான் உட்கார்ந்தேன். எண்ணி வைத்திருந்த கணக்குக்கு அது வரவில்லை. வேறு வேறு திரை வந்தது. கடைசியில் திரை என்னிடம் ஏதோ கேட்டது. இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒன்று மட்டும் வெளிச்சமாக இருந்தது. நடுப் பித்தானை அமுக்கினேன். ஒரு கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெல்ல ஓடியது. கோடு முடிந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

அப்போதே பாயிடம் ஓடியிருக்கலாம். மகனுக்குப் போன் போட்டு, மாப்ளே, அழித்துவிட்டேன், இன்னொரு கார்டு அனுப்பு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. மதினியிடம் பெட்டிக்குள் ஏதோ பழுது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். பெட்டி என் மடியில்தான் இருந்தது. மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாளும். அந்த மூன்று நாளும் நான் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் வாசற்படியில் தடுமாறி விழுந்து முழங்கை தோல் உரிந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரி மகனுக்குச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன் என்று அவன் எனக்குப் போன் பண்ணினான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அவர் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, மகன் கூட்டிப்போக வருவது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதினி கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப உனக்கு இங்கிலீசு தெரியாது."

"தெரியாது மதினி."

"என் தம்பிகிட்ட ஊசி மருந்துச் சீட்டெல்லாம் வாசிச்சுச் சொல்லுவியே."

"அது பூராம் குத்துமதிப்பு."

"அடிப்பாவி. அவன் பெழச்சுக் கெடந்ததே பெரிசுதான்" என்றார். பிறகு, "நாளைக்கு என்னையக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. கேக்கப் போறவ நானு, நீ என்னத்துக்குப் பாத்து வாங்குற?" என்றார்.

சனிக்கிழமை சோலிக்குப் போகவில்லை. ஆட்டோவில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். நான் மெல்லிசுப் பெட்டியை மேஜைமேல் வைத்து, எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது பாய், அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டேன் என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் மட்டும் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அழிந்ததை எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு முடியாது என்றார்.

பிறகு மதினி தேர்ந்தெடுத்தார். அவரும் ஒரு காலத்தில் காய் பொறுக்கியவர்தான். ஒவ்வொரு பெட்டியாகக் கையில் வாங்கி மேலும் கீழும் தடவினார். பித்தான் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் வேண்டாம் என்று தள்ளினார். மிச்சத்தில் பாய் தன்னிடம் இருந்த ஒரு பாட்டுக் கார்டைப் போட்டுக் கொடுத்தார். மதினி பாட்டைப் பாதியில் அணைத்தார், எண்ணிப் பத்து வரை பொறுத்தார், திரும்பப் போட்டார். முதலிலிருந்து ஆரம்பித்தால் அதுவும் வேண்டாம். அப்படி நான்கு போனது. கடைசியாக அந்தச் செங்கல் பெட்டி. அணைத்துப் போட்டபோது, பாதியில் விட்ட சொல்லிலிருந்தே பாடியது. மதினி அதைத் திரும்பக் கொடுக்கவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை திருகியபடியே வந்தார். இனி கத்த மாட்டேன் என்று என் மகனிடம் சொல், நீ சொன்னால் கேட்பான் என்று ஆட்டோவில் என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். நான் போனில் கெஞ்சியிருந்ததால் புதிதாக நாடகம் ஏற்றிய கார்டும் கொண்டுவந்திருந்தான். மதினி தானே கார்டைச் செருகி, தானே திருகிப் போட்டு, அணைத்து, விட்ட இடத்திலிருந்து ஓடுவதை அவனுக்குக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது, என்னால் பார்க்க முடியவில்லை. அவன் நல்ல பெட்டிதான் என்றான். ஆனால் அம்மாவின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேனி இல்லத்தில் எந்நேரமும் ஆள் இருக்கும், இந்த இடத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது என்றான். இந்தப் பெட்டியோடு ஒரு மாசம் விட்டுப் பார் மாப்ளே என்றேன். பதினைந்து நாள் என்றேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தப்பு பூராம் என்னுது, முதல் நாளே இந்தப் பெட்டியைத்தான் காட்டினார்கள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று அதையும் சொன்னேன்.

மதினிதான் என்னை நிறுத்தினார். "விடு புள்ள. கத்துனவ நானு" என்றார். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, காருக்குக் கூட்டிப்போகக் கையை நீட்டினார்.

இரண்டு வாரம் கழித்து தேனிக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம்தான். வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். மதினியின் கட்டிலில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வேளையும் ஓடுகிறதாம், ஒரு தொந்தரவும் இல்லை, சாப்பிட்டுவிடுகிறார் என்று அங்கே வேலை பார்க்கிற பெண் சொன்னாள். நான் அவர் கையைத் தொட்டேன். என் விரலைத் தடவிப் பார்த்து என்னைத் தெரிந்துகொண்டார்.

"இரு. இந்தப் பாகம் முடியட்டும்" என்றார்.

நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் யாரோ மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள், யாரோ கதவைச் சாத்தினார்கள், பிறகு சங்கீதம் வந்தது. பாகம் முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது தானாக ஆரம்பித்துவிட்டது. மதினியின் கை திருகுமேலேயே இருந்தது, திருகி அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது மதினி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.