பச்சமுத்து அடைத்த ஓட்டை

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்து பஸ் நிற்கிற ஒரு ஊர். அங்கே தண்ணீர் விடுகிறவர் பச்சமுத்து. விடியற்காலையில் அவர் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்தால்தான் தெருக்குழாய்கள் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். அப்படி ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற மனிதரின் வீட்டுக்குள், ஐப்பசி பிறந்தால் தண்ணீரை நிறுத்துவதற்கு ஆள் கிடையாது.

பழுது பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எதையும் கழற்றமாட்டார், மேலே போடுவார். குழாய் கசிந்தால் மேலே சைக்கிள் ட்யூப். அந்த ட்யூப் கசிந்தால் அதன் மேல் இன்னொரு ட்யூப். ஊர்க் குழாய்களில் பாதி, எலி விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் பெருத்துக் கிடந்தன. சம்சாரத்தோடு சண்டை என்றாலும் அப்படித்தான். மேலே ஒரு பொட்டலம் பக்கோடா. நேற்றைய சண்டை என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. அது பக்கோடாவுக்கு அடியில் இருக்கும்.

அவர் வீட்டுக் கூடத்துக்கு மேலே, பழைய ஓட்டுச் சரிவும் பிற்பாடு இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் சரிவும் சந்திக்கிற இடத்தில் ஒரு தகரக் கால்வாய் கிடந்தது. இரண்டு கூரைத் தண்ணீரும் அதில் இறங்கித் தெருப்பக்கம் போய் ஊற்ற வேண்டும் என்பது பச்சமுத்துவின் எண்ணம். தண்ணீருக்கு வேறு எண்ணம் இருந்தது. அது நடுக்கூடத்தில் ஊற்றியது. வருஷா வருஷம் அவர் ஏணி போட்டு ஏறி, ஒழுகிய இடத்தில் புதிதாக எதையாவது அப்பிவிட்டு இறங்குவார். வருஷா வருஷம் முதல் பெருமழையில் அது பிய்த்துக்கொள்ளும்.

அவர் சம்சாரம் சுலோச்சனா மகளிர் குழுவில் இருந்தாள். குழுக் கூட்டம் வீடு வீடாக முறை வைத்து நடக்கும். மழைக்காலத்தில் மட்டும் அவள் முறை தாண்டிப் போய்விடும். போன வருஷம் தப்பித் தவறித் தாண்டாமல் வந்தது, அன்றைக்குக் கூரை எதிர்வீட்டு அம்முலுவின் டீயில் சொட்டிவிட்டது. அம்முலு அந்த டீயை ஊர் முழுக்கக் கொண்டுபோனாள். "அக்கா வூட்டுல டீ கொறையவே கொறையாது. குடிக்கக் குடிக்க ரொம்பிக்கினே கீது."

இந்த வருஷமும் முறை வந்தது. "வெள்ளிக்கெயம எங்க வூட்டுலயே வெச்சிக்கலாம்க்கா, ஒனக்கு எதுக்கு செரமம்" என்றாள் அம்முலு, ரொம்பப் பரிவாக. அந்தப் பரிவைத்தான் சுலோச்சனாவால் தாங்க முடியவில்லை. என் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு வந்து புருஷனைப் பிடித்தாள்.

"வெள்ளிக்கெயம ஒரு சொட்டு வுயக் கூடாது. வுயுந்துச்சு, நான் குழுவுலயே இருக்க மாட்டேன்."

"வாலாஜாபாத் போயி ஒரு ட்யூப்பு சிலிக்கான் வாங்கியாந்து..."

"மேல அப்பற வேலயே வாணாம். கீறத எல்லாம் சொரண்டு மொதல்ல. தகரம் தெரியணும் எனக்கு."

"எடுத்தா ஒயுவுமே."

"இப்ப இன்னா, பன்னீரா தெளிக்குது?"

பச்சமுத்து ஏறினார். கொத்துக்கரண்டி கால்வாய்க்குள் நுழையவில்லை என்று, அடுப்படியிலிருந்து தோசைத் திருப்பியைச் சொல்லாமல் எடுத்துப் போயிருந்தார். மேலே இருந்த வெள்ளை சிலிக்கான், ஓரத்தைக் கிளப்பியதும் முறுகிய ஆப்பம் போல முழுசாக வந்தது. அடியில் சிமெண்டு, சுத்தியலால் தட்டி உடைத்தார். அதற்கு அடியில், ரோடு போட வந்தவர்களிடம் கெஞ்சி வாங்கிய தார். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, திருப்பியால் சுரண்டச் சுரண்ட, தாரும் போனது, திருப்பியும் போனது. அடுத்து சைக்கிள் ட்யூப். அதற்கும் அடியில் ஏதோ துணி மாதிரி. எல்லாவற்றையும் போல அதையும் உருவிக் கீழே வீசினார்.

"யோவ்" என்று கீழே சத்தம் கேட்டது. "இது எங்க சின்னராசு கல்யாண பேனரு. காத்துல பூட்ச்சின்னு சொன்னியே."

சுலோச்சனாவின் கையில் தம்பியின் மீசையும் பாதிச் சிரிப்பும் இருந்தன.

"உன் தம்பிதான் இத்தினி வருசமா இந்த வூட்டத் தாங்கிக்கினு கீறான். பெருமப்படுவியா..."

"பக்கோடா வாங்கிக்கினு வந்த, மூஞ்சிலயே வீசுவேன்."

பச்சமுத்து திரும்பிக் கால்வாயைப் பார்த்தார். தகரம் வந்துவிட்டது. அதில் ஓட்டையும் வந்துவிட்டது. துரு தின்ற ஓட்டை அல்ல. வட்டமாக வெட்டி, கீழ்நோக்கிக் கழுத்து வைத்துப் பற்றவைத்த ஓட்டை. தகரம் இரண்டு பக்கமிருந்தும் அதை நோக்கியே சரிந்திருந்தது.

அவர் அங்கேயே குந்திவிட்டார். நைனா காலத்தில் இந்தக் கூடம் இல்லை. ஓட்டின் ஓரத்தில் கால்வாய், நடுவில் தண்ணீர் இறங்க இந்த வாய், கீழே திறந்தவெளியில் ஒரு பேரல். நைனா போனபின் பச்சமுத்துதான் அந்த வெளிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கிக் கூடமாக்கினார். கால்வாயைத் தொடவில்லை, கழற்றுகிற பழக்கம்தான் இல்லையே. முதல் மழையில் கூடத்துக்குள் ஊற்றியதும், ஓட்டை என்று நினைத்து மைத்துனன் மீசையை வைத்து அடைத்தார்.

ஓட்டை வழியே குனிந்து, கூடத்துக்குள் வந்து நின்ற சுலோச்சனாவிடம் சொன்னார்: "வால்வ நானே மூடிட்டு, லைன் ஒடையுதுன்னு திட்டிக்கினு இருந்திருக்கேன்."

"ஒன்ன நம்பித்தான் ஊரே கொடத்த வெச்சிக்கினு நிக்குது" என்றாள் அவள்.

வாயை அடைக்க முடியாது. வழிதான் விட வேண்டும். அந்தக் கழுத்தில் பிளாஸ்டிக் பைப்பைச் செருகி, கூடத்துச் சுவரோடு இறக்கி, வளைகிற இடத்தில் முழங்கை என்கிற மூட்டு ஒன்று போட்டு ஜன்னல் வழியாக வெளியே விட்டார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்து உட்காரவும், திருமுக்கூடல் பக்கமிருந்து வானம் கறுத்து வந்து கொட்டவும் சரியாக இருந்தது. பைப்பு கடகடவென்று பேசியது. தரை காய்ந்து கிடந்தது. சுலோச்சனா தலையை நிமிர்த்திக்கொண்டு டீ கொடுத்தாள். அம்முலு ஒரு கையால் டம்ளரை மூடிக்கொண்டு மேலேயே பார்த்தபடி குடித்தாள்.

அவள் தலைக்கு மேல் பைப்பின் முழங்கையில் ஒரு சொட்டு திரண்டது.

பச்சமுத்துவின் கை தானாக மடியிலிருந்த சைக்கிள் ட்யூபுக்குப் போனது. போய், நின்றது. இனிமேல் அவர் அந்த ஆள் இல்லை. மேலே சுற்றக் கூடாது. முதலில் கழற்ற வேண்டும். முக்காலியில் ஏறி, முழங்கையைத் திருகி, கழற்றினார்.

இரண்டு கூரைத் தண்ணீரும் ஒன்றாக இறங்கியது. ஒரு சொட்டு விழக் கூடாது என்று சுலோச்சனா சொல்லியிருந்தாள். விழுந்தது சொட்டு அல்ல.

"மேலயே சுத்துய்யா" என்றாள் சுலோச்சனா, அழுகிற குரலில். "மேலயே சுத்து."

முழங்கை ஏறி, ட்யூப் சுற்றி, தண்ணீர் நின்றது. அம்முலு முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்து உதறினாள்.

"இத்த ஒயுவுதுன்னு ஒருத்தி சொல்ல முடியாதுக்கா. மாமா தொறந்து வுட்டாரு." அவள் அவரைப் பார்த்தாள். "நாளைக்கும் இதே டைமா மாமா? கொடம் எடுத்தாரணும்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சுலோச்சனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு சுற்று டீ போட எழுந்து போனாள்.