எறா என்றதும் இறங்கிய கை

தோள்வலிக்கு மாத்திரை விழுங்கி அலுத்துப்போன என்னை, மகள் பொன்னேரியில் ஒரு தெரபி அம்மாவிடம் கூட்டிப்போனாள். மருந்தே வேண்டாம், தசையைச் சோதித்தால் உடம்பே பதில் சொல்லிவிடும் என்றார் அந்த அம்மா. என் இடக்கையில் ஒவ்வொரு குப்பியாகக் கொடுத்து, வலக்கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டில் அழுத்தினார். கை இறங்கிவிட்டால் குப்பிக்குள் இருப்பது நமக்கு ஆகாதாம்.

அரிசிக்கும் பாலுக்கும் என் கை அசையவில்லை. "அடுத்தது எறா" என்று சொல்லி அழுத்தியதும் சரேலென்று கீழே போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? ஏரியில் உட்கார்ந்து வெறுங்கையால் இறால் பிடிக்கிறவள் நான். விரலில் தட்டுப்பட்டதும் சேற்றோடு அமுக்கித்தான் பிடிப்போம்.

"அது தொழில் பழக்கம்மா" என்றேன்.

"உடம்பு பொய் சொல்லாதும்மா. வலிக்கு எறாதான் காரணம். இனிமே அதைத் தொடாதீங்க" என்றார்.

"கேட்டுக்கினியாம்மா?" என்றாள் மகள், என்னவோ நான் ஆசைக்குத் தொடுவதுபோல.

மறுநாள் காலையிலும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். தோள் குத்தியது. இரண்டு பேரையும் வாய்விட்டுத் திட்டலாம் என்றால், பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.