பாண் ஓட்டோவில ஏறின கிற்றார்

எங்கட கிழக்குக் கரையில ஆம்பிளைக்கு வீடு இல்ல. வெளியூராக்களுக்குச் சொன்னா சிரிப்பாங்க, ஆனா அதுதான் உண்மை. வீடு பொம்பிளைக்கு. கலியாணம் முடிச்ச மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியத் தூக்கிக்கொண்டு பொம்பிளைட வீட்டுக்குப் போய் இருந்திட வேண்டியதுதான். நானும் அப்படி வந்தவன்தான். மாமனாருக்கு மூணு பொம்பிளைப் புள்ளைகள், ஒரே வளவுக்குள்ள மூணு வீடு, மூத்த மருமகன் நான். போன வருசம் எண்ட மகளுக்குக் கலியாணம் ஆனதும் நாங்க இருந்த வீட்ட அவளுக்கு எழுதிக் குடுத்திட்டு, நானும் மனுசியும் பின்னால தகரம் போட்ட ரெண்டு அறைக்குள்ள ஒதுங்கிட்டம். இப்ப ஒரு சுவர்ல ஆணி அடிக்கிறதெண்டாலும் மகள்ட்டக் கேட்டுத்தான் அடிக்கணும்.

எனக்கெண்டு அந்த வளவுக்குள்ள இருந்ததெல்லாம் ஒரு பெட்டி சீடியும் கத்தார்ல வாங்கின ரெண்டு ஸ்பீக்கரும்தான். அங்க ஒரு ஹோட்டல் ஸ்டோர்ல வேலை செய்தன். பக்கத்து அறையில ஒரு மலையாளி எலக்ட்ரீசியன் இருந்தான். ஊருக்குப் போகக்குள்ள பாரம் கூடிட்டு எண்டு அந்தப் பெட்டிய என்னட்டத் தள்ளிட்டுப் போனான். எல்லாம் ஒரே ஆள்ட பதிவு. அமெரிக்காவில ஒரு கறுப்பின மனுசன், கிற்றார் வாசிக்கிறவர். ஜாஸ் ஆள்தான், ஆனா ஜாஸைக் கண்ணாடி அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிட்டுக் காவல் நிக்கிற ஆள் இல்ல. ஃபங்க்கையும் ரிதம் அண்ட் புளூஸையும் உள்ள இழுத்துப் போட்டு, கேக்கிறவன்ட தலையையும் காலையும் ஒண்டா ஆட்டி வைக்கிறவர். டிரம் கொஞ்சம் பிந்தி விழும். பேஸ் கிற்றார், கந்தூரிச் சோறு திண்டிட்டு வாற மனுசன் மாதிரி ஆறுதலா நடக்கும். அதுக்கு மேல அவர்ட கிற்றார் ரெண்டு வார்த்தை கதைச்சிட்டு வாயைப் பொத்திக்கொள்ளும்.

மூணாவது சீடியில முதல் பதிவு, அதுதான் என்னைக் கெடுத்தது. தொடக்கத்தில கிற்றார் ஒரு சின்னத் துண்டை வாசிக்கும். திரும்பவும் அதையே வாசிக்கும். மறுகாவும் அதையே, ஆனா கடைசிச் சுரத்தை மட்டும் ஒளிச்சு வைச்சிரும். அது நம்மட தொண்டையில வந்து நிக்கும். அப்ப பாத்து எல்லாரும் ஒண்டா நிப்பாட்டிருவாங்க. டிரம் இல்ல, பேஸ் இல்ல, ஒண்டும் இல்ல. ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம். பிறகுதான், ஒரு அவசரமும் இல்லாம, ஒளிச்சு வைச்ச அந்தச் சுரத்தோட கிற்றார் உள்ள வரும். அந்த வெறும் இடத்துக்கு நான் அடிமை. யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், எனக்குப் பக்கத்தில குந்தி அந்த இடத்தில என்னோட சேர்ந்து மூச்சைப் பிடிக்கணும், அவ்வளவுதான் எண்ட ஆசை. பெரிய ஆசை இல்லதானே?

அதுக்கு ஆள் தேடிக் கொழும்புக்கும் போய்ப் பாத்தன். அங்க ஜாஸ் கேக்கிற கூட்டம் ஒண்டு இருந்தது. ஏசி போட்ட அறை, தாடி வைச்ச ஆக்கள், கண்ணை மூடிக்கொண்டு வயித்து வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளிச்சுக்கொண்டு கேப்பாங்க. நான் கொண்டுபோன சீடியைப் போட்டதும் ஒருத்தர் சிரிச்சார். "இது ஜாஸ் இல்லயே, ரேடியோவுக்கு விலைபோன சாமான்" எண்டார். கால் தன்னால ஆடினாப் பாவம் எண்டு நினைக்கிற சாதி. பாட்டு அந்த வெறும் இடத்துக்கு வாற நேரம், அவர் கிளாசுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஐஸ் சத்தத்தை நான் மவுத்தாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டன். தேத்தண்ணி கூடக் குடிக்காம பஸ் ஏறி வந்திட்டன்.

ஊர் மட்டும் என்ன குறைச்சலா? எண்ட மனுசி முதல் தடவை அரை மணித்தியாலம் பொறுமையா இருந்து கேட்டுட்டு, "இஞ்சேருங்க, பாட்டு எப்ப தொடங்கும்?" எண்டாள். பக்கத்து ஒழுங்கையில இருக்கிற மரைக்காயர் ஒருத்தர் எண்ட சன்னலைக் கடக்கக்குள்ள எல்லாம் கேக்கிற மாதிரி அஸ்தஃபிருல்லாஹ் எண்டு பாவமன்னிப்புக் கேட்டிட்டுப் போவார். அவர்ட ஃபோன் அடிச்சா சினிமாப் பாட்டுத்தான் வரும், அதுக்கு ஒண்டும் சொல்ல மாட்டார். காது எண்டு ரெண்டைப் படைச்சு இந்தச் சனத்துக்கு ஏன் குடுத்தான் எண்டு நான் யோசிக்காத நாள் இல்ல. மூக்குக் கண்ணாடி மாட்டுறதுக்குத்தான் போல.

இப்ப எண்ட சகலனைப் பத்திச் சொல்லணும். ரெண்டாவது மருமகன், நடு வீட்டுக்காரன், பேக்கரி வைச்சிருக்கிறவன். நல்ல மனுசன், அதுதான் அவன்ட பெரிய குறை. கோவம் வாறதுக்கு முதல் சிரிச்சிருவான். அவன்ட மாலு பணிஸுக்குள்ள, மீன் வைச்சுச் சுடுற பன் அது, மீனைத் தேடுறதெண்டா டோர்ச் அடிக்கணும், முழுக்க உருளைக்கிழங்கு. அவனுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. பாணும் பணிஸும் ஏத்திக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா விக்க வாற எல்லாப் பேக்கரி ஓட்டோவும் ஒரே மெட்டைத்தான் போட்டுக்கொண்டு வரும். சனம் இவன்ட ஓட்டோ எண்டு ஓடி வந்து வேற ஆள்ட்ட வாங்கிட்டுப் போயிரும். தனக்கெண்டு ஒரு பாட்டு வேணும் எண்டு கொஞ்ச நாளா அலைஞ்சான். சினிமாப் பாட்டுப் போட்டாப் பள்ளிவாசல் நிருவாகம் பேசும், பொம்பிளைக் குரல் வந்தா ஒழுங்கையே பேசும். சொல்லே இல்லாத பாட்டா இருக்கணும்.

பிறகென்ன? எண்ட மனுசி இருக்காளே, பெரிய தர்மசீலி. நான் பென் டிரைவில ஏத்தி வைச்சிருந்த அந்த முதல் பதிவைத் தூக்கித் தங்கச்சிட புருசனுக்குக் குடுத்திட்டாள். என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல.

ஒரு நாள் காலையில சுபஹ் தொழுதிட்டு வந்து குந்தியிருக்கன், ஒழுங்கையால எண்ட கிற்றார்க்காரர் வாறார். தகரக் குழாய் ஸ்பீக்கர்ல, சளி பிடிச்ச காகம் மாதிரி. பேஸ் இல்ல, டிரம் இல்ல, அந்தச் சின்னத் துண்டு மட்டும் கீச்சுக் கீச்செண்டு. வளவு வாசல் கடப்படிக்கு ஓடினன். அங்க நிண்டுகொண்டு கேக்கக்குள்ளதான் இன்னொண்டு விளங்கினது. அந்த வெறும் இடம் இல்ல! மூணாவது தரம் முடிஞ்சதும், மூச்சு விடாம, திரும்ப முதல்ல இருந்து தொடங்குது.

சகலன் ஓட்டோவுக்குள்ள இருந்து சிரிச்சான். அண்ணன் முறையில என்னைக் காக்கா எண்டுதான் கூப்பிடுவான். "எப்படிக் காக்கா? பஸார்ல ஃபோன் கடையில குடுத்து வெட்டி எடுத்தன்."

"நடுவுல ஒரு இடம் இருந்ததே, அது எங்க?"

"அதையா? அது பழுது காக்கா. பாட்டு நிண்டு போகுது. ஓட்டோ வாயை மூடினாச் சனம் போயிட்டு எண்டெலோ நினைக்கும். அதை வெட்டச் சொல்லிட்டன்." சொல்லிட்டு ஒரு கடதாசிப் பையை நீட்டினான். "இந்தாங்க, சூடா இரிக்கி. உங்களுக்குச் சும்மா."

பழுதாம்! உலகத்தில அந்த மனுசன் அவ்வளவு கவனமா வாசிக்காம விட்ட இடம், கிழங்கு பணிஸ் விக்கிறவனுக்குப் பழுது. "உண்ட ஓட்டோவில இருந்து ஒரு துண்டு எண்ட தொண்டையால இறங்கினா நான் மனுசன் இல்ல" எண்டு ஒழுங்கை கேக்கச் சொல்லிட்டு வந்தன். அந்த நாள்ல இருந்து பாண் வாங்க நான் பக்கத்து ஊருக்கு, பாண்டிருப்புப் பக்கம் சைக்கிள் மிதிச்சன். அங்கயும் அவன்ட ஓட்டோ வரும். சந்தியில நிண்ட ஒருத்தர், "உங்கட சகலன்ட பாட்டு நல்லம், கேட்டாலே பசிக்குது" எண்டார். நான் சைக்கிளைத் திருப்பினன்.

காலையில ஒருக்கா, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒருக்கா. சனத்துக்குப் பிடிச்சுப் போச்சு. பொம்பிளைகள் சட்டி கழுவிக்கொண்டு அதை முணுமுணுப்பாங்க. அஸ்தஃபிருல்லாஹ் மரைக்காயர் பையோட முன்வரிசையில நிப்பார், காலால தாளம் வேற. கொழும்புத் தாடிக்காரங்க விலைபோனது எண்டாங்க, இவங்க விலைக்கே வாங்கிட்டாங்க. நான் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ள இருந்து பல்லைக் கடிப்பன். சாத்தினா மட்டும் சத்தம் நிக்குமா, மண்ணாங்கட்டி. சீடியை நான் தொடவே இல்ல. அந்தச் சளிக் காகம் காதால போனதுக்குப் பிறகு போட்டுக் கேக்கலாம் எண்டிருந்தன்.

இப்படி இருக்கக்குள்ளதான் எண்ட மருமகன் ஒரு நாள் வந்து வாசல்ல நிண்டார். அமைதியான பொடியன், மட்டக்களப்பில வேலை, வெள்ளி சனி லீவுக்கு வருவார். "மாமா, உங்கட அந்தப் பெட்டியில உள்ளதை ஒருக்காக் கேக்கலாமா? முழுசா?" எண்டார். முழுசா எண்டு கேட்டார்! எனக்குக் கண் கலங்கிட்டு, அல்லாஹ் மேல ஆணையா. இந்த ஊர்ல இத்தனை காலத்தில என்னட்ட யாரும் கேக்காத கேள்வி. பாவம், அவரும் என்னை மாதிரித்தானே, உடுப்புப் பெட்டியோட இன்னொரு ஆள்ட வளவுக்கு வந்தவர்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சுச் சோறும் திண்டாப் பிறகு எண்டு முடிவாச்சு. ஓட்டோ அசருக்குப் பிறகுதான் வரும், இடையில நல்ல நேரம் இருக்கு. சீடியத் துடைச்சு வைச்சன். ஸ்பீக்கரைச் சுவரை விட்டு இழுத்து வைச்சன். மருமகனுக்கு நல்ல கதிரையைக் குடுத்திட்டு நான் கட்டில்ல குந்தினன். தகரம் கொதிச்சுது, மூச்சு முட்டினது, அதால சன்னலைத் திறந்து வைச்சன். அதுதான் நான் விட்ட பிழை.

போட்டன். டிரம் விழுந்தது, பிந்தி, அதே மாதிரி. பேஸ் வயித்துக்குள்ள இறங்கினது. அப்பா, எவ்வளவு நாளாச்சு! கிற்றார் அந்தத் துண்டை எடுத்ததும் மருமகன்ட முகம் மலர்ந்தது.

"ஆ, இது சாச்சாட பாண் பாட்டெலோ!"

நான் விரலை உதட்டில வைச்சன். ரெண்டாம் தரம் வாசிக்கக்குள்ள நடு வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. மனுசிட தங்கச்சி, உள்ள இருந்த எண்ட மனுசியைப் பாத்துக் கத்துறாள், "ராத்தா, இண்டைக்கு ஓட்டோ வெள்ளன வந்திட்டு, பையை எடுங்க!" செருப்புச் சத்தம், புள்ளைகள்ட கூச்சல். மூணாம் தரம். அந்தச் சுரத்தை அவர் ஒளிச்சார். நான் மருமகனைப் பாத்தன். இப்ப, இப்பத்தான் அந்த இடம்.

எல்லாம் நிண்டுது.

"மாமா, நிண்டிட்டு" எண்டு மருமகன் பதறி எழும்பினார், வயரைப் பாக்க. வெளிய முழு வளவும் ஒண்டாக் கத்தினது. "போயிட்டு! போயிட்டு! ஓடுங்க, பிடிங்க!" கடப்பு படாரெண்டு அடிபட்டது. மூணு வீட்டுச் சனமும் இல்லாத ஓட்டோவைத் துரத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடுது. சகலன் சொன்னது அப்படியே சரி, சனியன் பிடிச்சவன்.

அதையும் நான் பொறுத்திருப்பன். சனம் எண்டாச் சனம்தான், அதுகள்ட்ட நான் வேற என்னத்தை எதிர்பாத்தன்? ஆனா அந்த ஒரு மூச்சு நேரத்தில நான் என்ன செய்துகொண்டிருந்தன் தெரியுமா? மூச்சைப் பிடிக்கல்ல. எச்சி விழுங்கினன். வாய் முழுக்க ஊறியிருந்தது, வயிறு கூடச் சத்தம் போட்டது, சோறு திண்டு கை காயாத மனுசனுக்கு. நான் காவல் காத்த இடத்துக்குள்ள வேகுற மாவு மணத்தது. நாளுக்கு ரெண்டு நேரம், சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தும், எண்ட வாயைச் சகலன் பழக்கிட்டான். இவ்வளவு நாளும் ஊரைக் காறித் துப்பினன், இப்ப துப்புறதுக்கு எச்சி நிறைய இருந்தது, துப்பு வாங்க வேண்டிய ஆள் நான்தான்.

கிற்றார் திரும்ப உள்ள வந்தது. மருமகன் வயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார், அதை அவர் கேக்கல்ல. நானும் கேக்கல்ல.

மனுசி வெறும் பையோட மூச்சு வாங்க வாசல்ல வந்து நிண்டாள். "நீங்கதானா? நான் ஓட்டோ எண்டெலோ ஓடினன். இப்ப தேத்தண்ணிக்கு மருமகனுக்கு என்ன வைக்கிற?"

நான் எழும்பிப் போய் சீடியை நிப்பாட்டினன்.

"தங்கச்சிட புருசனுக்கு ஃபோன் எடு" எண்டன். "மாலு பணிஸ் அனுப்பச் சொல்லு. சூடா. எனக்கும் சேத்து."