சபாபதிக்கு நான் போட்ட ஆஜர்

உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்கு, ‘ஆஜர்’ என்று நானே என் கையால் எழுதிப் போட்டுவிட்டேன். அன்று என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியை இப்போது நினைத்தாலும் தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது. நம் பிள்ளையாரை நம்புகிறவர்கள் படிக்கிற இடம் இது என்பதால் எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

நான் சேலையூரில் குடியிருக்கிறேன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவன், மனைவி கூப்பிட்டால் மட்டும் காது கேட்காதவன். படித்தது முழுக்க விடுதிப் பள்ளியில். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல், அதனால் விடுதியில் சேர்த்தார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். என் வாயைத் தாங்க முடியாமல் கொண்டுபோய்த் தள்ளினார்கள் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். விடுதியில் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. இன்றைக்கும் அந்தப் பயல்களுக்கு என் சொந்தப் பெயர் உடனே நினைவுக்கு வராது.

விடுதியில் காலையில் வார்டன் பெயர் படிப்பார். ஒவ்வொருவனும் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுக்க வேண்டும். என் பக்கத்துக் கட்டில் சபாபதி. தூங்குவதற்கென்றே பிறந்தவன். அவன் எழுந்து வந்து ஆஜர் சொன்னதைவிட, நான் அவன் குரலில் சொன்னதுதான் அதிகம். வார்டன் ஏமாறுவார். ஏமாறாத ஒரே ஆள் எங்கள் வகுப்பு லீடர் ரங்கநாதன். நேராகக் கட்டிலுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்ப்பான். அப்புறம் சபாபதிக்கும் எனக்கும் தோப்புக்கரணம். பிள்ளையாருக்குப் போட்டதைவிட வார்டனுக்குப் போட்ட தோப்புக்கரணம் எங்கள் கணக்கில் கூட.

வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று எங்கெங்கோ போய்விட்டு, ஓய்வு பெற்றபின் ஏழெட்டுப் பேர் தாம்பரத்தைச் சுற்றியே வந்து விழுந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். முதலில் வெறும் கிண்டல்தான். பிறகு எங்களில் ஒருவன் தனியாக இருந்த வீட்டில் விழுந்து, யாருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்தான். அவனைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த அன்று லீடர் ஒரு சட்டம் போட்டான். தினமும் காலையில் ஒவ்வொருவனும் குரூப்பில் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுத வேண்டும். டிபன் நேரம் வரைக்கும் ஒருவனுடைய ஆஜர் வரவில்லை என்றால், அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் உடனே அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கிழவர்கள் கூடி அடிக்கிற கூத்து என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

சபாபதி விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் தனியாக இருக்கிறான். மனைவி காலமாகிவிட்டாள். மகன் வெளிநாட்டில். தினமும் இன்சுலின் ஊசி. கையில் பழைய பட்டன் போன். வாட்ஸ்அப் வேண்டாம், கண் வலிக்கிறது என்பான். ஆகவே ஓர் ஏற்பாடு. காலையில் எழுந்ததும் அவன் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பான். நான் குரூப்பில் ‘சபாபதி, உள்ளேன் ஐயா’ என்று போடுவேன். விடுதியில் திருட்டுத்தனமாகப் பார்த்த உத்தியோகம் இப்போது நிரந்தரம் ஆகிவிட்டது.

லீடர் பம்மலில் இருக்கிறான். சபாபதிக்கு மிக அருகில் இருப்பவன் அவன்தான். ஆனால் லீடருக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாணத்தில் அவன் வாயைத் திறந்து தூங்கியதைப் படம் எடுத்து, ‘லீடர் பணியில் இருக்கிறார்’ என்று எழுதிக் குரூப்பில் விட்டேன். அவன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

பொங்கல் கழிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை. சிறுசேரிப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவி கோமதியும் போக வேண்டியிருந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போக வேண்டும், பேத்திக்குக் காய்ச்சல். இருட்டு பிரிவதற்குள் கிளம்பினோம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் ஆஜரைப் போட்டேன். சபாபதி எழுந்திருக்க இன்னும் நேரம் இருக்கிறது. எப்படியும் கூப்பிடத்தானே போகிறான் என்று அவனுடையதையும் சேர்த்துப் போட்டுவிட்டு, போனைப் பையில் போட்டேன்.

பேத்திக்குக் கஞ்சி கொடுத்து, கதை சொல்லி, அவள் தூங்கி, நாங்களும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் போனை எடுத்தேன். சபாபதியின் மிஸ்டு கால் இல்லை.

நான் கூப்பிட்டேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் அடித்து ஓய்ந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவன் ஆஜர் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள். நான் ஆஜர் போட்டுவிட்டேன். சபாபதி நன்றாக இருக்கிறான் என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனைத் தேடி யாரும் வராதபடி நானே கதவைச் சாத்திவிட்டேன்.

லீடரைக் கூப்பிட்டேன். பிளாக் அல்லவா, போகவில்லை. பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். லிப்டில் கீழே போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் மேலே வந்தேன்.

“என்னங்க, கூண்டுல போட்ட மாதிரி சுத்தறீங்க?” என்றாள் கோமதி.

சொன்னேன்.

“அப்போ குரூப்ல உடனே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா மானம் போயிடும் கோமதி. ஆளைப் பார்க்காமலே ஆஜர் போட்டிருக்கேன். லீடர் என்னை உரிச்சுடுவான்.”

அவள் பேத்தியின் நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள். “உங்க மானம் நாளைக்கு வந்துடும். அவர் வருவாரா?”

மறுபடி கீழே இறங்கினேன். அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. ஆளுயரம்கூட இல்லை. அதன் முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டதை உள்ளபடியே எழுதுகிறேன். ‘பிள்ளையாரப்பா, சபாபதிக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. நான் செய்தது யாருக்கும் தெரியவும் கூடாது.’ இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். அறுபது தாண்டிய மனுஷன் கேட்கிற வரமா அது!

சபாபதியை மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணிச்சத்தம் அவன் வீட்டுக்குள், அவன் கட்டில் பக்கத்தில் அடிப்பது எனக்குக் கேட்பது போல இருந்தது. பிள்ளையாரைப் பார்த்தேன். ‘எல்லாருக்கும் தெரியட்டும். காறித் துப்பட்டும். அவனை மட்டும் காப்பாற்று. உன் முன்னால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன்’ என்றேன். என் முட்டியின் நிலைமை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று புரியும்.

அங்கேயே நின்று குரூப்பில் எழுதினேன். ‘காலையில் சபாபதிக்கு நான் போட்டது பொய் ஆஜர். அவன் எனக்குக் கூப்பிடவே இல்லை. இப்போது போனும் எடுக்கவில்லை. யாராவது உடனே போய்ப் பாருங்கள்.’ அனுப்பியதும் ஒரு கால்டாக்சியைப் பிடித்துப் பொழிச்சலூருக்குக் கிளம்பினேன்.

குரூப்பில் திட்டு வந்து கொட்டியது. மேடவாக்கத்தில் மகனோடு இருக்கும் பாலு குரல் பதிவாகவே அனுப்பினான். “டேய் ரேடியோ! சுடுகாட்டுக்குப் போற வயசுலகூடப் பொய் ஆஜராடா? எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு, இல்லன்னா ஓடியிருப்பேன். லீடர்தான் பக்கத்துல இருக்கான், அவன் ஏன்டா வாயே திறக்கல?”

அதுதான் என்னையும் குடைந்தது. எல்லோரும் எழுதினார்கள். லீடர் மட்டும் எழுதவில்லை. யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை. போகக்கூடிய ஒரே ஆளையும் காணோம்.

மேடவாக்கத்தில் வண்டி நின்றே விட்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, ஒழுகிக்கொண்டே குறுக்கே நின்றது. கதவைத் திறந்து இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். ஓடினால் எனக்கு யார் ஆஜர் போடுவது?

“இன்னா சார், ரொம்ப பேஜாரா கீறீங்க? வூட்ல யாருக்காச்சும் முடியலியா?” என்றார் ஓட்டுநர்.

“பிரெண்டுக்குப்பா. கொஞ்சம் வேகமா போக முடியுமா?”

“லாரி நவுந்தா பறக்கலாம் சார். அதுவரிக்கும் அவரைத்தான் கேக்கணும்” என்று வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த பொம்மைப் பிள்ளையாரைக் காட்டினார். தலை ஆடுகிற பிள்ளையார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலை ஆடியது. சரி என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. பல்லாவரம் தாண்டும்வரை அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு போனேன்.

சபாபதி வீட்டு வாசலில் இறங்கினேன். கதவு உடைந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. சமையலறையில் டம்ளர் உருண்டு கிடந்தது. கட்டிலில் அந்த பட்டன் போன். என் பெயரில் எத்தனையோ அழைப்புகள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். “அண்ணா, நீங்க யாரு? சபாபதி சாரைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களே!”

“யாரும்மா? யார் கொண்டு போனது?”

“பெரிய தொந்தியும் மீசையுமா ஒருத்தர் வந்தாருண்ணா. கதவைத் தட்டு தட்டுன்னு தட்டினாரு. மேல பிளேன் போச்சு, ஒண்ணும் கேக்கல. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு எங்க வீட்டுக் கடப்பாரையை வாங்கிக் கதவை உடைச்சாரு. யாரோ ரேடியோவாம், அந்த ஆளைத் திட்டிக்கிட்டே உடைச்சாரு.”

தொந்தி, மீசை, திட்டு. லீடர்தான்.

அந்த அம்மா சொன்ன அடையாளத்தை வைத்து, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவனைப் பிடித்தேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

“பிழைச்சுட்டான். சர்க்கரை இறங்கிப்போய் மயங்கிக் கிடந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு” என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீ எப்படிடா போனே? நான்தான் ஆஜர் போட்டிருந்தேனே!”

“அதனாலதான்டா போனேன்! பொழுது விடியறதுக்குள்ள சபாபதி ஆஜர்னு போட்டிருக்கே. தலைக்கு மேல பிளேன் இறங்கினாலும் எழுந்திருக்காதவன், அவன் விடியறதுக்குள்ள எழுந்திருப்பானா? நீ போட்ட ஆஜரை நான் என்னைக்குடா நம்பினேன்? போர்வையைத் தூக்கிப் பார்த்துட்டு வரலாம்னு போனேன்.” மூச்சு வாங்கினான். “போனை அவன் வீட்டு வாசல்லயே எங்கேயோ போட்டுட்டேன். தேட நேரமில்ல.”

உள்ளே போய்ப் பார்த்தோம். சபாபதி கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். “எனக்கு இன்னிக்கு ஆஜர் போட்டியாடா?” என்றான் மெதுவாக.

“போட்டேன்டா” என்றேன்.

“தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். லீடர் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் தோள்மேல் கை போட்டேன். தட்டிவிடவில்லை.

நண்பர்களே, இதில் பிள்ளையார் எங்கே வந்தார் என்று ஒரு கேள்வி வரலாம். எனக்கும் வந்தது. நான் மதியம் வேண்டினேன். சபாபதி காலையிலேயே காப்பாற்றப்பட்டுவிட்டான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உதவி கிளம்பிப் போய்விட்டது. அந்த மதியம் நான் தவித்த தவிப்பெல்லாம், ஏற்கெனவே கொடுத்துவிட்டவரிடம் கையேந்திய தவிப்பு. என் இரண்டு வேண்டுதலில், அசட்டு வேண்டுதலை மட்டும் அவர் தள்ளிவிட்டார். யாருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டது, இன்றைக்குத் தாம்பரம் சுற்று வட்டாரம் முழுக்கத் தெரியும்.

சபாபதி வீடு திரும்பிய பிறகு வந்த சதுர்த்தியன்று சேலையூரில் எங்கள் தெருப் பிள்ளையார் முன்னால் நேர்த்திக்கடன் செலுத்தினேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். பாலு ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்தான். சபாபதி பிளாஸ்டிக் நாற்காலியில். எண்ணுவதற்கு லீடர்.

“இது சேராது. முழுசா உட்காரல” என்றான் ஆரம்பத்திலேயே.

“டேய், மூட்டு வலிடா.”

“பிள்ளையார்கிட்டயும் பொய்க் கணக்கா? முதல்லேர்ந்து போடு.”

பாதி தாண்டும்போது கண் இருட்டியது. தூணைப் பிடித்தேன். மேலே போக முடியாது என்றே தோன்றியது. பக்கத்தில் ஏதோ அசைந்தது. லீடர், அந்தத் தொந்தியோடு, காதைப் பிடித்துக்கொண்டு எனக்கு இணையாக உட்கார்ந்து எழுந்தான். “எண்ணிக்கை விட்டுப் போயிடும், பேசாம போடு” என்றான். மீதியை இரண்டு பேருமாக முடித்தோம். சபாபதி அதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்.

இப்போதெல்லாம் சபாபதியின் மிஸ்டு கால் வந்தால் நான் எடுத்துவிடுகிறேன். “மிஸ்டு கால்னா எடுக்கக் கூடாதுடா, அதுதான் மரியாதை” என்று தினமும் கோபித்துக்கொள்கிறான். அந்தக் கோபத்தைக் காதால் கேட்ட பிறகுதான் குரூப்பில் போடுகிறேன். அதன்பின் எங்கள் தெருப் பிள்ளையாரிடம் போய் நானும் என் ஆஜரைச் சொல்லிவிட்டு வருகிறேன். லீடர் என் நம்பரைத் திறந்துவிட்டான், அவன் தூங்கும் படம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உங்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒரு பகல் வரும். அப்போது கேளுங்கள், மானம் பார்க்காமல் கேளுங்கள். பதில் வரவில்லையே என்று பயப்படாதீர்கள். அது உங்களுக்கு முன்னாலேயே கிளம்பி, யார் வீட்டுக் கதவையோ கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருக்கும். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ஆஜர் கொடுப்பதில் நான்தான் கெட்டிக்காரன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அந்த வியாழக்கிழமை பிள்ளையார் தனக்குப் பதிலாக அனுப்பிய ஆளுக்கும் தொந்தி இருந்தது. மீசையும் என்னைத் திட்டுகிற வாயும் மட்டும் கூடுதல்.